ஆறரைப் பாகை

வின்னிபெக்கில் கராஜுக்குள்ளும் பனிக்காலம்தான்.
ஹீட்டருக்கு ஒரு மூலை மட்டுமே சொந்தம்.
அந்த மூலையில்
யாரோ தெருவோரம் வைத்துவிட்டுப் போன கட்டில் பலகையில்
எண்பத்திரண்டு ஆணி அடித்தேன்.
நாற்பதைப் பிடுங்கினேன்.

குண்டு எங்கள் பஸ் டிப்போவில் கழற்றிப் போட்ட பேரிங்கில் இருந்தது.
பதினோரு வருடம்
போர்ட்டேஜ் அவென்யூவின் மேலும் கீழும்
கிரீசுக்குள், இருட்டுக்குள் சுற்றியது.
பலகையில் விட்டதும்
எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை.

சாய்வுதான் முதல் சிக்கல்.
மட்டமாய் வைத்தால் குண்டு
தெரியாதவர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்த ஆள் மாதிரி
நின்ற இடத்திலேயே நின்றது.
செங்குத்தாக்கினால்
நான் நினைப்பதற்குள் விழுந்தது.
ஹைட்ரோ பில்லை எட்டாய் மடித்துப்
பின்காலுக்குக் கொடுத்தேன்:
ஆறரைப் பாகை.
இப்போது குண்டு விழுகிறது,
ஆனால் விழுமுன் ஒரு கணம் யோசிக்கிறது.
அந்தக் கணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மிதுஷாவின் சின்ன சைக்கிள் மணி நடுவில்.
பஸ் கதவின் காயில் இரண்டு, துடுப்புகளை உதைக்க.
அடித்தால் சத்தம் காதுக்கு மட்டும் வந்தால் போதாது,
உள்ளங்கைக்கும் வரவேண்டும்.
அதற்காகவே பெட்டியைக் கனமான மரத்தில் செய்தேன்.
நாரி பிடித்துக்கொண்டது. பரவாயில்லை.

பிறகு ஒரு பிழை விட்டேன்.
துடுப்பு இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக்
குண்டைவிடச் சிறியதாக வைத்தேன்.
யாரும் தோற்கக் கூடாது என்று.
பக்கத்து வீட்டு ரோமெல்,
இரவு பேக்கரிக்குப் போகிறவன்,
பனி தள்ளும் சவலோடு எட்டிப் பார்த்தான்.
விளையாடினான். நாற்பதாயிரம் புள்ளி.
"நல்லாயிருக்கு" என்றான்,
கொட்டாவி விட்டான்,
பனி தள்ளப் போய்விட்டான்.

மரியாதையாய் விடப்பட்ட கொட்டாவியைப் போல
ஒருவனை நித்திரை இல்லாமல் ஆக்குவது வேறொன்றும் இல்லை.

இரண்டு மணிக்கு எழுந்து திருகாணிகளைக் கழற்றினேன்.
குண்டின் அகலம், அதற்கு மேல்
என் பெருவிரல் நகத்தின் அகலம்.
ஓரத்து ஓட்டைகளை அடைத்தேன்.
ஓரத்தால் போனால் பெட்டியைத் திட்டுவார்கள்,
பெட்டியைத் திட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.
நடுவால் போகவேண்டும்,
இரண்டு கையும் சும்மா இருக்கும்போதே,
கண் முன்னாலேயே.
அப்போது தன் விரலைத் திட்டுவார்கள்.
தன் விரலைத் திட்டுகிறவன் எங்கே போவான்?

நளாயினி விளையாடும் விதம் வேறு.
குண்டு நடுவுக்கு வரும்போது
இடுப்பால் ஓர் இடி.
துணை தொலைந்த ஜிமிக்கி ஒன்றை
ஒரு வளையலுக்குள் தொங்கவிட்டிருந்தேன்,
இடித்தால் ஜிமிக்கி வளையலைத் தொடும்,
விளக்கெல்லாம் அணையும், ஆட்டம் முடியும்.
ஒவ்வொரு தரமும் அணைந்தது.
"என்ர ஜிமிக்கியாலேயே என்னைப் பிடிக்கிறீங்களோ?
கொஞ்சம் களவு இருக்கட்டும், விடுங்கோ."
பெரிய வளையலாய் மாற்றினேன்.
எவ்வளவு களவு என்பதற்குத்தான்
இன்னும் அளவு கிடைக்கவில்லை.

வெள்ளி இரவு ரோமெல் வந்தான்,
வேலைக்குப் போகும் வழியில், ஒரே ஒரு ஆட்டம் என்று.
பதினொரு செக்கனில் தோற்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றினான்.

நான் நித்திரைக்குப் போனபோதும்
சுவருக்கு அப்பால் மணி அடித்துக்கொண்டிருந்தது,
நிற்கும், ஒரு கெட்ட வார்த்தை,
திரும்ப ஸ்பிரிங் இழுபடும் சத்தம்.

காலையில் கண்ணாடி மேல் கையுறை இரண்டும் கிடந்தன.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வெறுங்கையோடு போயிருக்கிறான்.