நாற்பது கிராம்

எங்கள் ஸ்டேஷன் தராசு
பர்கூர் மண்டிக்காரர் ஒருவர் கொடுத்துப்போனது.
அடித்தட்டில் இன்னும் பெங்களூரா மாங்காய்ப் பால் கறை.

அதில்தான் திம்மராயனை நிறுத்தேன்.
அவனை அல்ல,
சட்டைப்பையில் இருந்ததை.
பொட்டலத்தோடு நாற்பத்து மூன்று,
காகிதம் கழித்து நாற்பது.
ஆள் ஐம்பது கிலோ தேறுவான்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மகஜருக்கு நான் யோசிப்பதில்லை.
"ரகசியத் தகவலின் பேரில்" என்று தொடங்கிவிட்டால்
"தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்" வரை
பேனா தானே போய்விடும்.
சாட்சிகள், வி.ஏ.ஓ.வும் அவருடைய தலையாரியும்.
பதினோரு வருடமாக
இந்தச் சரகத்தின் குற்றம் அத்தனையையும்
அவர்கள் இருவரே நேரில் பார்த்துவருகிறார்கள்.

கருங்கல் குவாரியில் துளை மெஷின் பிடித்தவன்.
சும்மா இருக்கும்போதும் விரல்கள் அதிர்கின்றன.
ரேகை மூன்று முறை கலைந்தது.
"முதுகு, மேடம்" என்றான்.
முன்பு மாத்திரையாம்.
மாத்திரைக்குக் கெடுபிடி வந்ததும் இது.
இதையும் பிடுங்கினால்
அடுத்தது என்னவென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
விலை ஏறும், அது மட்டும் தெரியும்.
ஒவ்வொரு முறை நாங்கள் பிடிக்கும்போதும்
குப்பம் தாண்டி வரும் யாரோ ஒருவனுக்குக்
கூலி உயர்த்திக் கொடுக்கிறோம்.

எதிரே அரசாங்கக் கடை.
பன்னிரண்டு மணிக்குத் தள்ளுமுள்ளு என்றால்
வரிசை கட்டப் போவதும் நான்தான்.
பங்குனியில் பனையேறி மல்லப்பனை
இரண்டு லிட்டர் கள்ளோடு
அந்த வாசல் வழியே கூட்டிவந்தேன்.
கையில் பாட்டிலோடு நின்றவர்கள்
குற்றவாளிக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் திறந்துவிடு என்கிறவள் இல்லை நான்.
என் கொழுந்தன் சாராயத்தில் போனவன்.
காலையில் "ஏன் லைட் போடல" என்று கேட்டான்,
வெயில் முற்றத்தில் கிடந்தது.
குடித்ததால் செத்தான் என்கிறார்கள்.
கேனில் என்ன இருந்ததென்று
அளந்து பார்க்க ஒருத்தரும் இல்லாததால் செத்தான்
என்று நான் நினைக்கிறேன்.
வீட்டில் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
போதை மீட்புக்கு ஒரு அறை.
டாக்டர் செவ்வாய் மட்டும்.
சேலம் ஜெயிலுக்கு எல்லாக் கிழமையும் வேன்.
டீசல் வவுச்சரில் "சிகிச்சைக்கு" என்று எழுதினேன் ஒருமுறை.
எழுத்துப்பிழை என்று திரும்பி வந்தது.

சின்ன அளவு, ஜாமீனில் விடலாம்.
சிகிச்சைக்குப் போகிறவனுக்கென்று
சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது.
எங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கம்
பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டிக் கிடந்தது.
பிளேடால் பிரித்தேன்.
இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு
"மாசக் கணக்குக்கு ரெண்டு கேஸ் குறையுதும்மா" என்றார்,
கோபமாகக்கூட இல்லை.

இன்று திங்கள். மணி பதினொன்று.
பெஞ்சில் சாய முடியாமல்
முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
கைது நேரம் என்ற கட்டத்தை
இன்னும் நிரப்பவில்லை.

தராசை அணைக்க மறந்திருக்கிறேன்.
தட்டில் ஒன்றுமில்லை.
இரண்டு கிராம் காட்டுகிறது.