இடப்பக்கப் படம்

ஏறும்போது அல்ல,
இறங்கும்போதுதான் தசை கிழிகிறது.
நாற்பத்தோரு வருட வேலையில்
கூசாமல் நான் சொல்லக்கூடியது இது ஒன்று.
சுருங்கப் பார்க்கும் நாரைப் பிடித்து நீட்டினால்
அதன் சவ்வு விட்டுப்போகிறது.
மற்றதெல்லாம் மேலும் ஆய்வு தேவை.

டெப்ரெட்சன் நகரம். ஒன்றாம் எண் டிராம்
காட்டைச் சுற்றிக்கொண்டு திரும்புகிற இடம்.
முதல் எட்டு வருடம் தவளைக்கால்.
ஒற்றை நாரைப் பிரித்தெடுக்க
மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று மணி நேரம்.
கீழ்மாடியில் எவனாவது கதவை அறைந்தால்
அன்றைய பொழுது போச்சு.
தப்பிப் பிழைத்த நாருக்கு ஒரு சொட்டு மின்சாரம்.
துள்ளும்.
வரைதாளில் ஒரு மலை எழுந்து படுக்கும்.
அந்த மலைகளில் நீ குடியிருக்கிறாய் என்றார் என் கணவர்,
பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டே.

பிறகு எலிகள்.
டிஸ்ட்ரோஃபின் இல்லாமல் பிறந்தவை.
இருந்தும் ஓடுகின்றன, குட்டி போடுகின்றன, கிழடாகின்றன.
பிழைத்துக்கொள்கின்றன என்பதுதான்
அவற்றின் மேல் எங்களுக்குள்ள ஒரே புகார்.

பையன்கள் அப்படியில்லை.

பொடோண்டுக்கு அப்போது ஆறு வயது.
தரையிலிருந்து எழுவதற்கு
முழங்காலைப் பிடித்தான், தொடையைப் பிடித்தான்,
ஏணியும் தானே ஏறுகிறவனும் தானே என்று
தன் உடம்பின் மேலேயே ஏறி நின்றான்.
நின்றதும் எங்களைப் பார்த்துச் சிரித்தான்,
வித்தை காட்டியவன்போல.
அவன் அம்மா எனிக்கோ டிராம் ஓட்டுகிறவள்.
சீருடையோடு வந்திருந்தாள்.
பத்து மணிக்கு வண்டி எடுக்கணும் என்றாள்.
அதற்குள் நான் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.

அவன் தொடையிலிருந்து பட்டாணி அளவு எடுத்தோம்.
ஒப்பிட நல்ல தசை வேண்டும்.
வருவதாயிருந்த மாதிரி வரவில்லை.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்,
என் இடது தொடையில் மரக்க ஊசி போட்டு
இமோலா வெட்டியெடுத்தாள்,
பைத்தியம், பைத்தியம் என்று முணுமுணுத்தபடி.

இடப்பக்கம்: ஒவ்வொரு நாரைச் சுற்றியும்
வரப்பு போட்டாற்போலப் பச்சைக் கோடு.
வலப்பக்கம்: இருட்டு. வரப்பே இல்லை.
கீழே பொடி எழுத்தில்:
ஒப்பீட்டு மாதிரி, பெண், 38. நோயாளி, ஆண், 6.
என் பெயர் கட்டுரையின் தலையிலும் இருந்தது,
அங்கே யாருக்கும் தெரியாமலும் இருந்தது.
எத்தனையோ அரங்குகளில், எத்தனையோ திரைகளில்
நாங்கள் இருவரும் அடுத்தடுத்து நின்றோம்.

பதின்மூன்று வயதில் சக்கர நாற்காலியில் வந்தான்,
ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கும் நாளில்.
சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்து
என்னுடையது எது என்று கேட்டான்.
காட்டினேன்.
அந்தப் பக்கம்?
ஒரு பெண்.
நல்லா ஓடுவாளா?
இல்லை, என்றேன். டிராமைப் பிடிக்கக்கூட ஓடமாட்டாள்.
வீண், என்றான்.

இருபத்திரண்டு வயதில் போனான். முதலில் மூச்சுத் தசை, பிறகு இதயம்.
எனிக்கோ தொலைபேசியில் சொன்னபோது
நான் நிதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன்.
நம்பிக்கை என்ற சொல் அதில் நான்கு இடத்தில் இருந்தது.
ஒன்றை எடுத்தேன்.
நிதி கிடைத்தது.

இன்று உறைபெட்டியைக் காலி செய்தோம்.
மைனஸ் எண்பதில், பனி அப்பிய ஒரு டப்பாவுக்குள்
பதினேழும் பதினெட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.
கையுறைச் சூட்டில்தான் பிரிந்தன.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்: அழிக்க, வைக்க.
பதினெட்டுக்கு வைக்க என்று குறித்தேன்.
பதினேழில் பேனா சற்று நின்றது.
அதையும் வைக்கத்தான் வேண்டும்.
தனியாக இருந்தால் அவனை யாரும் படிக்க முடியாது.

மின்தூக்கி வேலை செய்யவில்லை.
நான்கு மாடி, கைப்பிடியைப் பிடித்து,
ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில்.
நானே எழுதிய கட்டுரை என் தொடையில் நடந்துகொண்டிருந்தது.
வாசலுக்கு வந்தபோது ஒன்றாம் எண் மணியடித்தது,
கதவுகள் திறந்தே இருந்தன, எழுபது எண்பது அடி தூரம்,
பனியில் மணல் தூவியிருந்தார்கள்.

ஓடினேன்.

கிடைக்கவில்லை.
அடுத்ததற்குப் பன்னிரண்டு நிமிடம் என்றது பலகை.
பெஞ்சு காலியாக இருந்தது.
உட்காரவில்லை.