எதிலிருந்து?

கோலைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.
மூன்று மீட்டர் கோல்,
முதுகில் காசளவு ரசமட்டம்,
அதற்குள் ஒரு குமிழி.
குமிழி நடுவில் நின்றால் நானும் ஒழுங்காய் நிற்கிறேன் என்று பொருள்.
விலகினால்
நாற்பது மீட்டர் தள்ளி, முக்காலிக்குப் பின்னாலிருந்து
தாய்ஸ்தோ கையை உயர்த்துவார். திட்ட மாட்டார்.
திட்டினால் தேவலை.

பின்னால் ஒரு கோல், முன்னால் ஒரு கோல், நடுவில் கருவி.
பின்னதில் படித்ததிலிருந்து முன்னதில் படித்ததைக் கழி:
நிலம் ஏறியது அவ்வளவு.
பிறகு பின்கோல் என்னைத் தாண்டி நடந்து முன்கோலாகும்.
நான் நகரக் கூடாது,
இரும்புத் தவளையின் முதுகில் கோலைத் திருப்பிக்கொள்ளலாம், அதுவும் மெதுவாக.
எண்பது எண்பது மீட்டராய்
இப்படித்தான் ஒரு நாடு முழுக்க உயரம் நடந்து போகிறது.

ஜூலை. குவார்க்கன் தீவுகள்.
கன்னத்தில் கொசு,
இரண்டு கையும் கோலில்.

ஹெல்மரின் முற்றத்துப் பாறையில்
அரசாங்கம் அடித்த பித்தளைக் குமிழ் ஒன்று உண்டு.
அங்கே தொடங்கி, தீவைச் சுற்றி, அங்கேயே முடிக்க வேண்டும்.
"என் வாசற்படி எத்தனை உயரம்?" என்றார் ஹெல்மர்.
"இரண்டு மீட்டர் முப்பத்தொன்று."
"எதிலிருந்து?"
"கடலிலிருந்து."

ஹெல்மர் திரும்பிக் கடலைப் பார்த்தார்.
"எந்தக் கடல்?
செவ்வாய்க்கிழமைக் கடல் படகுக் கொட்டகைக்குள் வந்தது.
இன்றைக்கு நாணலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது."

சராசரிக் கடல் என்றார் தாய்ஸ்தோ.
காற்று தள்ளியதும் காற்றழுத்தம் உறிஞ்சியதும்
வருஷக்கணக்கில் மணிக்கு மணி குறித்து, கூட்டி, வகுத்தால்
கிடைப்பது.
அலை இல்லாதது. ஒரு நாளும் அங்கே நில்லாதது.
கரையோடு முடியாமல் வயலுக்கடியில், மலைக்கடியில் ஓடி,
பாறை கனத்த இடத்தில் லேசாய்ப் புடைத்து
உலகைச் சுற்றி வருவது.

"அதில் மீன் உண்டா?"

தாய்ஸ்தோவுக்குப் பொய் வராது. இன்னொன்றையும் சொல்லிவிட்டார்:
நம் பூஜ்யம் இந்தக் கடலுடையதே அல்ல,
ஆம்ஸ்டர்டாமுடையது.
அங்கிருந்து எல்லை தாண்டி, பாலம் தாண்டி,
என்னைப் போல் கோல் பிடித்தவர்கள்
கைக்குக் கை மாற்றிக் கொண்டுவந்தது.

வாசலில் கெண்டை செதில் சீவிக்கொண்டிருந்த எல்னா
கத்தியை நிறுத்தினாள்.
"பூஜ்யத்தைக்கூடவா வெளியூரிலிருந்து வரவழைப்பது?"

தவிர, இரண்டு முப்பத்தொன்று என்பதும் பழைய செய்தி.
இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த அன்று நிலம் இருந்த நிலை அது.
ஒரு காலத்தில் மேலே கிலோமீட்டர் கணக்கில் பனி படுத்திருந்தது.
பனி எழுந்து போய்ப் பத்தாயிரம் வருஷம் ஆகப்போகிறது,
நிலம் இன்னும் முதுகை நிமிர்த்திக்கொண்டிருக்கிறது
வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர்,
நகம் வளர்வதைவிடச் சோம்பலாக.

ஹெல்மருக்கு இது தெரியாதா?
அவருடைய முதல் படகுத்துறையில் இப்போது ஆடு கட்டியிருக்கிறது.
இரண்டாவதில் எல்னா துணி காயப்போடுகிறாள்.
கடல் விட்டுப்போன இடம் ஊர்த் தண்ணீரின் பங்காளிகளுக்குச் சொந்தமாம்;
தன் படகை எட்ட
அவர் நிலம் விலைக்கு வாங்கினார்.

சாயங்காலம் சுற்று முடிந்தது. புறப்பட்ட குமிழுக்கே வந்துவிட்டோம்.
கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும்.
ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் வந்தது.
"வரம்புக்குள்தான்," என்று தாய்ஸ்தோ
அதை எல்லா நிறுத்தங்களுக்கும் பகிர்ந்து எழுதினார்,
செத்தவன் கடனைப் பிள்ளைகளுக்குப் பிரிப்பதுபோல.

கொசுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
தீவில் ஆளுக்கொரு மயிரிழை ஏறியோ இறங்கியோ போயிருக்கும்.
இந்த நிலம் எட்டு வாரத்தில் எழும் உயரம்தான் மொத்தமே.

கிளம்பும்போது ஹெல்மர் நாலாவது துறைக்குப்
பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.
எந்த உயரத்துக்கு வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"தாழ்வாக," என்றார் நிமிராமல்.
"மிச்சத்தை அதுவே ஏறிக்கொள்ளும்."