இரு நபர் ஜாமீன்

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை எனக்கு.
பக்கம் இரண்டு ரூபாய்.
பாஞ்சாலி வந்தால் பெரும்பாலும் பத்துப் பக்கம் இருக்கும்.

ராயக்கோட்டை ரோட்டில் பூட்டிய வீட்டில்
பதினாறு பவுன் போனது.
அன்றிரவு அவள் புருஷன் வேடியப்பன்
காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில்
விடிய விடியப் பழம் கழுவிக்கொண்டிருந்தான்.
வருகைப் பதிவேட்டைக் கேட்டாள்.
"தினக்கூலிக்கு ஏதும்மா பதிவேடு" என்றார் மேஸ்திரி.

ஸ்டேஷனில் இருக்கிறது பதிவேடு.
அவன் பெயர், அப்பன் பெயர்,
சித்தப்பன்கள் நான்கு பேர்,
அதில் ஒருவன் செத்து ஆறு வருஷம்.
பெயரை மட்டும் இன்னும் அடிக்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் ஜாமீன் கிடைத்தது.
அறுபத்தேழாம் நாளும் அவன் சேலம் ஜெயிலில்தான்.
இரு நபர் ஜாமீன், தலைக்குப் பத்தாயிரம்,
சொந்த வீட்டு வரி ரசீதோடு.
அவர்கள் தெருவில் முப்பத்தொரு வீடு,
முப்பத்தொன்றும் ஏரிப் புறம்போக்கு.
வரி கட்டுகிறோம் என்றாலும்
வாங்குவாரில்லை.

கம்மலைக் கொண்டுபோனாள்.
அடகுக்கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கம்மலை அல்ல, அவளை.
பில் கேட்டார்.
கல்யாணத்துக்குப் பெற்றவள் போட்ட கால் பவுனுக்கு
பில் எங்கே போய்த் தேடுவாள்?
அதைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்கவும்
அன்றிலிருந்து அவளுக்குப் பயம்.

மகன் தீபனுக்கு ஐடிஐயில் சேர சாதிச் சான்றிதழ் வேண்டும்.
பதினோரு மாதம் அலைந்தாள்.
போதிய ஆதாரம் இல்லை என்று
மூன்று முறை திரும்பியது மனு.
பையன் இப்போது கிரானைட் பட்டறையில்
தண்ணீர் அடிக்கிறான்.
அங்கேயும் பதிவேடு கிடையாது.

நேற்று வந்தாள்.
ரிமாண்ட் காகிதத்தை நீட்டி,
"இதுல எங்க சாதி எழுதியிருக்குதா, பார்த்துச் சொல்லு சார்" என்றாள்.
எழுதியிருந்தது, எழுத்துப்பிழைகூட இல்லாமல்.
"அப்ப ரெண்டு காப்பி போடு.
தாலுக்கா ஆபீஸ்ல குடுத்துப் பார்க்கிறேன்.
கவர்மெண்டு எழுதினதுதானே இதுவும்."

நான் சிரிக்கப் பார்த்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
கண்ணாடிக்கடியில் பச்சை வெளிச்சம்
அந்த ஒரு வரியின் மேல் போய்த் திரும்பியது.

வெளியே சைக்கிளோடு நின்ற தீபனிடம்
டீ குடிக்க வந்த ஏட்டு கேட்டார்:
"வேடியப்பன் பையன்தானே நீ?
கல்லுப் பட்டறைக்கா போற?"
பட்டறைக்குப் போய் நான்கு நாள்தான் ஆகிறது.

என் தலைக்கு மேல்,
சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே
லேமினேட் செய்து மாட்டியிருக்கிறேன்
பழையபேட்டை வீட்டு வரி ரசீது,
என் பெயரில், நடப்பு ஆண்டுக்கு.
கடை லைசென்சுக்காக எடுத்தது.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் குனிந்து
பேப்பர் தட்டை இழுத்து மூடினேன்,
மூடியிருந்ததையே மறுபடியும்.
"நாலு ரூபாய்" என்றேன்.
"சில்லறையா இருந்தாக் குடும்மா."