கோடு

முதல் நாள் பள்ளி விட்டதும் கேட்டேன்:
என்ன படித்தாய், கெர்த்து?
"ஒரு கோடு."
வேறு?
"வளைவு நாளைக்கு."

நான் நில அளவையாளன்.
தார்த்து மாவட்டத்து வேலிச் சண்டைகளில் பாதி
என் கருவியின் மூன்று கால்களுக்கு அடியில் தீர்ந்தவை.
கோடு போடச் சொன்னால் ரோடு போடும் ஊரில்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டியதற்கு
ஒரு கோடு.

அதையும் உடனே தாளில் போடவில்லையாம்.
காலுறை கழற்றி
ஈரப் புல்லில் நடந்தார்களாம் அதை.
பிறகு காற்றில், கையால்.
அப்புறம்தான் தேன்மெழுகுக் கட்டி, சிவப்பு.
வைகே டீச்சர் சொன்னாராம்:
நிமிர்ந்து நில், அதுதான் கோடு.

அக்டோபரில் பின்னல் ஊசி.
வாங்கவில்லை. குச்சியை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
முனைக்கு ஓக் கொட்டையின் தொப்பி ஒட்டி.
பன்னிரண்டு கண்ணியில் தொடங்கியது
எட்டாம் வரிசையில் பதினைந்தாக இருந்தது.
இரண்டு முறை எண்ணினேன்.
இந்த மூன்றும் எங்கிருந்து?
"வந்துட்டாங்க" என்றாள்,
விருந்தாளிகளைச் சொல்வதுபோல.

எதிர்வீட்டுத் தானெல் வேறு பள்ளி.
பால் பெட்டியை வாசிக்கிறான், பேருந்துப் பலகையை வாசிக்கிறான்,
என் சட்டைப்பையில் தைத்த கம்பெனிப் பெயரை
என் முகத்துக்கு நேரே வாசித்துவிட்டுப் போகிறான்.
இவளுக்கு டிசம்பர் வரை தெரிந்தது எம்.
அதுவும் மலையாக:
எங்கள் மொழியில் மலைக்கு அதுதான் முதலெழுத்து.
இரட்டைச் சிகரம், நீலம், உச்சியில் பனி.
"நம்ம நாட்டுல இவ்வளவு கூரா மலை எங்கே?"
என்று உக்கு என்றொரு பையன் எழுந்து கேட்டானாம்.
எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது.

ஆகப் பெரிய எண் எது அப்பா?
நான் லட்சம், கோடி, கோடானுகோடி என்று ஏறிக்கொண்டிருக்க
"ஒண்ணு" என்றாள்.
"எல்லாம் அதுக்குள்ளேதானே இருக்கு."
அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.
வரிக் கணக்கு என்று மனைவியிடம் சொன்னேன்.

ஏப்ரல். பனி உருகி எங்கும் சேறு.
உதவியாளன் மாத்திஸுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு விடுமுறை.
அளவுகோல் பிடிக்க இவளைக் கூட்டிப்போனேன்.
அவளைப்போல் மூன்று மடங்கு உயரம் அது.
எமயோகி ஆற்றிலிருந்து காற்று.
மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவில்லை.
கண்ணாடிக்குள் பார்த்தேன்:
குறுக்கிழையோடு கோல், கோலோடு அவள்,
இம்மி பிசகவில்லை.

குறித்துக்கொண்டேன். போதும் என்று கையசைத்தேன்.
விடவில்லை கோலை.
ஆற்றைக் காட்டிக் கத்துகிறாள்:
"வளைவை எப்போ அளப்போம்?"