யார் சரகம்

முதலில் வந்தவன் பால் பாக்கெட் போடும் தணிகாசலம்.
அதிகாலை நாலே கால்.
'மாடு மாதிரி மூஞ்சி மேடம், அப்புறம்
முடியவே முடியாத கழுத்து.'
எவ்வளவு நீளம் என்றேன்.
இரண்டு கையையும் விரித்தான்,
போதாமல் வாசலுக்குப் போய்
நின்றிருந்த ஜீப்பைக் காட்டினான்.
'இதைப்போல மூணு.'
குடித்திருக்கிறாயா என்ற கேள்வி படிவத்தில் இல்லை,
நானாகக் கேட்டேன்.
ஊதிக் காட்டினான். காபி வாசனை.

அந்த வாரம் வேளச்சேரியில் பதினொரு பேர்.
பரோட்டா மாஸ்டர் நூருல்லா கண்டது கொம்பு.
நான்காம் மாடி ஃப்ளோரன்ஸ் கண்டது துடுப்பு;
போட்டோவும் எடுத்திருந்தாள்.
இருட்டு, அதன் நடுவில்
கொஞ்சம் கெட்டியான இருட்டு.
குடியிருப்போர் சங்கச் செயலாளர் எதையும் காணவில்லை,
மனை விலை இறங்குமா என்று
எழுத்து மூலம் பதில் கேட்டார்.
தெர்மாகோல் மிதவையில் ஜிலேபி பிடிக்கும் கன்னியப்பன்
'பூதமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல' என்றார்.
கிளம்பியவர் கதவருகே நின்று சொன்னார்:
'மூணு ராத்திரியா
காயப்போட்ட வலையை யாரோ மடிச்சு வைக்கிறாங்க.
துவைச்ச புடவை மாதிரி,
நாலா.'

டுட்டோரியலில் தமிழ் எடுக்கும் வைதேகி
பார்த்ததைச் சொல்வதற்குள் பெயர் சொல்லத் தொடங்கினார்.
திமி ஒரு பெரிய மீன்.
திமியை விழுங்குவது திமிங்கிலம்.
திமிங்கிலத்தை விழுங்குவது திமிங்கிலகிலம்.
அதை விழுங்குவது எது என்றேன்.
பேனாவை மூடிவிட்டு யோசித்தார்.
அதற்கப்புறம் அந்தக் காலத்தவர்களுக்கே
மூச்சு வாங்கிவிட்டதாம்.

மேலிடத்துக்கு அறிக்கை போகவேண்டும்.
தண்ணீர் பொதுப்பணித்துறை.
கரை மாநகராட்சி.
மீன் மீன்வளத்துறை.
நடைபாதையில் தலை நீட்டினால் போக்குவரத்துப் பிரிவு.
கடித்தால்தான் எங்களுடையது.

பார்த்த ஒன்பது பேருக்கும்
சுவர் வரைபடத்தில் ஒன்பது குண்டூசி.
குத்தி முடித்துத் தள்ளி நின்றபோதுதான் தெரிந்தது,
ஒருவர்கூடத் தண்ணீரில் பார்க்கவில்லை.
தணிகாசலம் பார்த்தது ஏடிஎம் வாசலில்.
நூருல்லா, பேருந்து நிலையத்தின் பின்பக்கம்.
ஃப்ளோரன்ஸின் இருட்டு கார் நிறுத்துமிடத்தில்,
பதினான்காம் தூணுக்கும் பதினைந்துக்கும் நடுவே.
தார் விலகி முதுகு எழுந்ததாம்,
பிறகு சத்தமில்லாமல் மூடிக்கொண்டதாம்.
'ரோடு நனையவே இல்ல மேடம்.'

வேறொரு நில வழக்குக்காக வந்த பழைய புலப்படம்
பீரோவுக்கு மேல் சுருண்டு கிடந்தது.
துணி ஒட்டிய தாள்.
ஏரியின் நீல மை வெளுத்திருந்தது.
மூலைக்கொரு லத்தி வைத்து விரித்து
ஊசிகளை அதற்கு மாற்றினேன்.
மதகருகே ஒன்று, கலங்கலருகே ஒன்று,
ஒன்பதும் அந்த நாளைய கரையோரமாக,
ரோந்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் காவலர்போல
ஒழுங்காக நின்றன.

புது வரைபடம் அதற்குக் கிடைக்கவில்லை போலும்.
யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் நிலையம் எங்கே என்று தேடினேன்.
கரையில் இல்லை.
உள்ளே, நல்ல உள்ளே,
'ஆழம்' என்று எவனோ ஒரு சர்வேயர் எழுதிவைத்த இடத்தில்,
ழகரத்தின் வால் சுழித்து நிற்கும் புள்ளியில்
என் மேஜை.

இப்போது ராத்திரி பாரா.
லாக்கப் காலி.
வயர்லெஸ் மட்டும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.
மொசைக் தரை வேர்த்திருக்கிறது, ஐப்பசி அப்படித்தான்.
ஆணியில் மாட்டிய மழைக்கோட்டைக் காணோமே என்று திரும்பினால்
பெஞ்சின் மேல் இருக்கிறது,
நாலு மடிப்பாக.

வாக்குமூலம் எண் பன்னிரண்டு.
சாட்சியின் பெயர்: கி. பவளக்கொடி, தலைமைக் காவலர்.
நீளம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு
இரண்டு காலையும் தூக்கி
நாற்காலியில் வைத்துக்கொள்கிறேன்.