முதல் அடி

புயல் போன பதினோராம் நாள்
லாசெல்ஸ் தன் பேஸ் பெட்டியைத் திறந்தான்.
உள்ளே கடல்.
ஒரு வாளிச் சேறு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
ஒரு நண்டு.
வாடகை தராமல் குடியேறியவன் தோரணையில்
கொடுக்கை உயர்த்தி எங்களைப் பார்த்தது.

அன்றுதான் முதலில் சிரித்தோம்.

பிளாக் ரிவருக்குக் கிழக்கே எங்கள் கரை.
ஒரு கூரையும் அதனதன் வீட்டின் மேல் இல்லை.
எங்கள் தகரத்தை எனோஸின் ஆட்டுப்பட்டியில் கண்டேன்,
எனோஸின் தகரம் பள்ளிக்கூடத்துச் சீமைப்பலாவில்,
சீமைப்பலா சாலையில்.
நிவாரணத்தார் கட்டிப்போன நீலப் படுதா
காற்று வரும்போதெல்லாம்
நடந்ததை மறுபடி சொல்லத் தொடங்கும்.
"போதும், நாங்களும் இங்கேதான் இருந்தோம்"
என்று அதட்டுவாள் அயோனி.

அயோனிக்குத்தான் குரல்.
சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள்.
இப்போது மூன்று கல்லும் ஒரு சட்டியும்
வைத்திருக்கிறாள்.

"நம்பிக்கை பற்றி ஒரு பாட்டு கேட்கிறார்கள்,
கிங்ஸ்டன் வானொலியில்" என்றேன்.
"ஆணி என்ன விலை என்று தெரியுமாமா அவர்களுக்கு?"
அதுவே பாட்டின் முதல் வரியாயிற்று.
ஒரு ராத்தல் ஆணி, ஒரு தாள் தகரம்,
ஆஸ்வல்டுக்குத் தரவேண்டிய படகுக் கடன்,
இல்லாத படகு.
அவள் கூட்டிக்கொண்டே போகப் போக
இடையிடையே கித்தாரில் வெட்டினேன்:
ச்செக். ச்செக்.
கணக்கெழுதுகிறவன் பென்சிலால் குறிப்பதுபோல.

லாசெல்ஸுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
ஒரு கையும் ஒரு காலும் போதும் என்றான்.

எங்கள் ரெகேயில் ஒரு வழக்கம்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
மற்றவர்கள் ஒன்றில் ஓங்கி அடிப்பார்கள்.
நாங்கள் ஒன்றைத் தொடுவதில்லை.
அந்த இடம் காலி.
மூன்றில்தான் முரசு விழும்.

ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம்.
லாசெல்ஸ் சொன்னான், மாவுக்கட்டுக்குள்
குச்சி விட்டுச் சொறிந்துகொண்டே:
"முதல் அடி நம்முடையது இல்லையே.
கப்பல்காரன் அடித்தான், கரும்புத் தோட்டத்துத் துரை அடித்தான்,
போன மாதம் காற்று அடித்தது.
நாம் மூன்றில் வருகிறவர்கள்."

"அப்போ இரண்டில்?"

"இரண்டில் சேற்றை அள்ளு."

சனி இரவு, கூரை போன தேவாலயம்.
கடன் வாங்கிய ஜெனரேட்டர்.
ஆறு நாள் வெயில் குடித்த பெட்டி.
பேஸ் முதலில் இருமியது,
கொஞ்சம் மணல் துப்பியது,
பிறகு நெஞ்செலும்புக்குக் கீழே
பழகின இடத்தில் வந்து உட்கார்ந்தது.
அயோனி தன் கடன்களைப் பாடினாள்.
ஆஸ்வல்டு முன்வரிசையில் ஆடினான்,
தன் பெயர் வரும்போது மட்டும்
தரையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் சரணத்தில் பெட்ரோல் தீர்ந்தது.
யாரும் நகரவில்லை.
சுவர்களுக்கு மேலே அத்தனை நட்சத்திரம்,
யாரும் அவற்றைக் கேட்கவில்லை.

சாலைக்கு அப்பால் ஒருவர்
டார்ச் வெளிச்சத்தில் தகரம் அறைந்துகொண்டிருந்தார்.
ஒரு சுத்தியல் ஓசை.
இடைவெளி.
ஒரு ஓசை.
அவருக்கு அது பாட்டல்ல,
மழைக்குள் முடிக்க வேண்டிய வேலை.

இருட்டில் லாசெல்ஸ் காலைத் தூக்கினான்.
ஒன்றை விட்டான்.
இரண்டையும் விட்டான்.